கீழ்க்கடவை விடியலில் கடக்க ஆணை

நலம் சூழ்க. வெண்கூடல் நாட்டை நடுநிலை தவறாமல் காத்துவரும் நெய்தலங்கோதை தேவியார் திருவாய் மலர, அவர்தம் ஓலை நாயகம் தேற்றன் எழுதியது. ஆரலோடைக் காட்டின் காவற்பொறுப்பு ஏற்ற கானூர்க் கிழார் உதியன் பெருநம்பி இதனை நின்றபடியே படித்துத் தலைமேற்கொள்க. உம் ஊரும் உம் கன்றுகாலிகளும் குறைவின்றி வாழ்க.

இரு நாட்டு அரசரும் சேர்ந்து நடக்கும் உடன்நடைக்கு நீர் வகுத்தனுப்பிய திட்டம் அவையில் படிக்கப்பட்டது. பந்தல் எட்டு, பறைமேளம் நான்கு குழு, வழியில் பரிமாறப் பதினெட்டு வகைக் கறி! அடடா, காட்டுவழி நடைக்கா, கல்யாணத்துக்கா என்று அவையோர் சிரித்தனர். ஓடையை நடந்து கடக்கும் கீழ்க்கடவில் எந்நேரமும் முழங்கால் நீரே என்று நீர் எழுதிய வரி வந்ததும், ஐப்பசி மழையிலுமா என்று அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

ஐப்பசி ஏழாம் நாள் தேவியாரும் வடகரை வேந்தர் கடம்பஞ்சாத்தனாரும் படைக்கலமின்றி, ஓடை வலக்கைப் பக்கம் இருக்க, ஒரே பகலில் அதைச் சுற்றி நடந்து, கதிர் சாயுமுன் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். இடையில் எவர் பின்வாங்கினாலும் அமைதி உடன்பாடு முறிந்ததாகும் என்பது இரு நாட்டுக்கும் பொது வழக்கம். இரு பக்கமும் படை நிற்கிறது. இது நீர் அறியாததன்று. அறிந்திருந்தும், தென்கரையில் உம் மாளிகை வாசலில் நடையைத் தொடங்கி, உச்சிவேளையில் மேல்கடவைத் தாண்டி, வடகரை வழியே இறங்கி, பிற்பகலில் கீழ்க்கடவைக் கடந்து உம் விருந்துக்கு வந்து சேருமாறு வகுத்தீர்.

உம் ஓலை படிக்கப்பட்ட மறுநாளே கொற்றி என்பவள் அவை வாசலில் வந்து நின்றாள். கீழ்க்கடவை அடுத்த வடகரைக் குடிலில் தங்கி அந்த வழியைக் காத்துவந்த பூதனின் கைம்பெண் அவள். உம் வாயிற்காவலர் அபசகுனம் என்று விரட்டியதால், மழையில் இரண்டு நாள் நடந்து தலைநகருக்கு வந்திருந்தாள். அட்டை கடித்த கால்களில் குருதி காயவில்லை. இத்தனை பெரியவர்கள் முன் வாய் திறந்தால் கணவனை விழுங்கியவள் என்பார்களோ என்று அவள் அஞ்சினாள். திறக்காவிட்டால் தேவியாரும் வேந்தருமாக இன்னும் இருவர் போய்விடுவார்களே என்று திரும்பிப் போகவும் மாட்டாமல் நின்றாள். பின்னர் தேவியாரிடம் அவளே இதைச் சொன்னாள். பிற்பகலில் கீழ்க்கடவு ஆளை இழுத்துவிடும் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

அமைச்சர் சிலர் ஏற்கவில்லை. சென்ற ஐப்பசியில் அதே கடவில் இறந்த பூதன் கள்மயக்கத்தில் விழுந்தான் என்று உம் ஊர்ப்பதிவு கூறுவதை எடுத்துக்காட்டினர். பதிவு மெய்யானால் கடவில் குற்றமில்லை. கடவு கொல்லுமானால் பதிவு பொய். தேவியார் அவளிடமே கேட்டார். அவள் விடையை ஒரு சொல்லும் திருத்தாமல் எழுதுமாறு ஆணையிட்டமையால் அவ்வாறே எழுதப்படுகிறது:

எங்க வூட்டுக்காரரு கள்ளைக் கையால தொட்டதில்லீங்க தாயீ. நாயைக் கூட்டியான்னு அனுப்புனாங்க. போனாரு.

ஆம் கிழாரே, நாய்! வேட்டைக்கு வந்த உம் விருந்தாளியின் நாய் அக்கரையில் நின்றுவிட்டது என்று, பெருக்கெடுத்த நீரில் ஓர் ஆளை இறக்கினீர். பிறகு கூசாமல் குடிகாரன் என்று எழுதினீர். இதை எழுதும்போது ஓலை நாயகத்தின் எழுத்தாணி இரண்டு ஓலைகளைக் கிழித்துவிட்டது. இது மூன்றாவது.

கொற்றி ஒரு மூங்கிற்கோலை அவையில் வைத்தாள். பூதன் மழைநாள் தோறும் நீரளந்து, காலைக் கீறலை ஒரு பக்கமும் மாலைக் கீறலை மறுபக்கமும் இட்ட கோல் அது. காலைக் கீறல்கள் முழங்கால் உயரத்தில் இருந்தன, மாலைக் கீறல்கள் கழுத்தளவில். கடைசி நாளுக்குக் காலைக் கீறல் மட்டுமே இருந்தது. ஆயினும் கோலை மட்டும் நம்பி முடிவெடுக்கலாகாது என்று தேவியார் மூன்று நாள் நீரளந்து வர ஓடக்காரர் இருவரை அனுப்பினார். மூன்று நாளும் விடியலில் முழங்கால் நீர். உச்சிக்குப் பின் மலைமழை கிளையோடைகளில் இறங்கிக் கீழ்க்கடவில் சேர, மார்பைத் தாண்டிற்று. மூன்றாம் நாள் ஒருவனை வெள்ளம் புரட்டியது. இடுப்பில் கட்டிய கயிறு இல்லையேல் அவனும் இல்லை.

இடமாகச் சுற்றினால் விடியலிலேயே கீழ்க்கடவைத் தாண்டலாமே என்றார் ஓர் அமைச்சர். இடச்சுற்று பிணத்துக்குரியது, வடகரையார் எழுந்து போய்விடுவர் என்று மற்றவர் பதறினர். நாள் நெருங்க, எவருக்கும் வழி தோன்றவில்லை. அப்போது கொற்றி தயங்கித் தயங்கி, வலமாகவே சுற்றலாம், ஆனால் எதிர்க்கரையிலிருந்து தொடங்கலாமே என்று விண்ணப்பித்தாள். புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதே வழக்கம். அது உம் மாளிகை வாசலாகத்தான் இருக்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை.

ஆகவே ஆணையாவது: உடன்நடை வடகரையில் கொற்றியின் குடில் வாசலில் தொடங்கும். இருவரும் கிழக்குச் சாலைப் பாலத்தின் வழியே முன்னாளே அங்கு வந்து சேர்வர். கதிர் எழும்போது கீழ்க்கடவு, பின் தென்கரை ஏற்றம், உச்சிவேளையில் கிளையோடைகளுக்கு மேலுள்ள மேல்கடவு, பின் வடகரை இறக்கம். பந்தலும் வேண்டாம், பறையும் வேண்டாம். ஆளுக்கொரு சுரைக்குடுக்கை நீர், மந்தாரை இலையில் கட்டிய புளிச்சோறு, அட்டைக்கு உப்பும் சுண்ணாம்பும் போதும். கொற்றி முன்னே நடப்பாள். அவள் கோலூன்றிச் சொன்ன பின்னரே எவரும் நீரில் கால் வைக்க வேண்டும், வேந்தரும் அப்படியே. கீழ்க்கடவின் குறுக்கே கட்டும் கயிற்றின் ஒரு தலை மருதமரத்தில் இருக்கும். மறுதலையைப் பிடித்து, அனைவரும் கடக்கும் வரை நீரில் நிற்கப்போகிறவர் நீர்.

அதற்கு முன், ஆறாம் நாளே, ஊர்ப்பதிவை எடுத்துக்கொண்டு நீரே அவள் வாசலுக்குப் போக வேண்டும். அவளை அழைப்பித்தல் கூடாது. குடிகாரன் என்று எழுதிய வரியை அவள் கண்முன் அடித்து, வழிகாவலன் பூதன் கிழார் பணித்த வேலையில் வெள்ளத்தில் இறந்தான் என்று உம் கையால் எழுதுக. என்ன பரிசு வேண்டும் என்று தேவியார் கேட்டபோது அவள் கேட்டது இது ஒன்றுதான்.

ஐப்பசி மூன்றாம் நாள், தேவியார் திருமுன் கயல் முத்திரை இட்டு, விரைதூதன் கையில் விடுக்கப்பட்டது. முத்திரைக்குக் கீழே உள்ள கீறல் பிழையன்று. எழுத்தறியாத கொற்றி, ஓலை முழுதும் படிக்கக் கேட்டு, பூதன் கோலைக் கீறிய கத்தியால் இட்டது. கண்டு பணிக.