வெள்ளை பூத்த ஜன்னல்கள்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்று தெரியும், முந்தாநாள் போனில் நீ சிரித்த சிரிப்பே சொன்னது. இங்கும் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் திட்டினால் நடுவில் புகுந்து எதையாவது சொல்லி என்னையும் சிரிக்க வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதையும் படி.

கண்புரை ஆபரேஷன் முடிந்து உன் அப்பா கையில் எடுத்த முதல் வேலை அந்த நூலக மாடல். நூலகத்து முன்கூடத்தில் வைக்க அந்தக் கட்டடத்தையே மேஜைமேல் நிற்கிற அளவுக்குச் செய்து கேட்டிருந்தார்கள். நீ வந்திருந்தபோது பார்த்தாயே, அட்டையைப் பட்டை பட்டையாக நறுக்கி, ஓடு மாதிரி கீறி, கூரையின் கீழ் விளிம்பிலிருந்து வரிசை வரிசையாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தார், மேலேயிருந்து ஆரம்பித்தால் மழை உள்ளே இறங்கிவிடும் என்று. அட்டை வீட்டுக்கு ஏதுப்பா மழை என்று நீகூடக் கேலி செய்தாய். ஜன்னல் சட்டங்களுக்குச் சாயம் பூசி, பின்னால் கண்ணாடித் தாளைச் சும்மா பொருத்தி வைத்துவிட்டு, வெள்ளைப் பசை போட்டு நாளைக்கு ஒட்டிக்கொள்ளலாம் என்று மத்தியானம் போய்ப் படுத்தார். நீ என்ன செய்தாய்? செருப்புக்கு வாங்கி வைத்திருந்த, தொட்டவுடன் ஒட்டுகிற பசையை எடுத்து அத்தனை ஜன்னலையும் ஒட்டி முடித்தாய். உதவி என்றே வைத்துக்கொள்கிறேன். அந்தப் பசையின் ஆவி பட்டால் கண்ணாடித் தாள் வெள்ளை பூத்துவிடும் என்று நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவர் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததே, அது எங்கே போயிற்று? சரி, மறந்தாய். தூங்கி எழுந்து வந்து யார் ஒட்டினது என்று கேட்ட மனிதரிடம், நீங்கதானேப்பா சாப்பாட்டுக்கு முன்னாடி ஒட்டினீங்க, அதுக்குள்ள மறந்துட்டீங்களா என்று சிரிக்காமல் சொன்னாயே, அதற்கு என்ன பெயர்? சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியும் விட்டாய். அலமாரிக்கு அடியில் காலிப் பசைக் குழாயைப் பார்த்து முந்தாநாள் நான் கேட்டிராவிட்டால் எனக்கே இது தெரிந்திருக்காது. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேம்மா, நீயே அப்பாகிட்ட சொல்லிடு, எனக்கு இந்த வாரம் தலைக்கு மேல வேலை என்றாய். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

நீ போன மறுநாளே ஜன்னலெல்லாம் பனி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். நான் வெள்ளைப் பசைதான் போடுவேன், அது பூக்காது, அப்ப என் கண்ணுதான் திரும்பப் பூத்திருக்கு என்று தீர்மானமே செய்துவிட்டார். ஒட்டியதே நினைவில்லை என்றால் தலையும் போய்விட்டது என்று அதையும் சேர்த்துக்கொண்டார். எனக்கும் மங்கலாகத்தான் தெரிகிறது என்றால், எனக்காகச் சொல்றே என்கிறார். உன் அண்ணனும் அதையே சொன்னான், நீங்க ரெண்டு பேரும் கூட்டு என்றார். கண் டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று அனுப்பினார், அவரிடமும் நான் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறேனாம். ஆபரேஷனுக்கு முன்னால் நாம் எல்லோரும் கண்ணில் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தோம் அல்லவா, அதிலிருந்து இந்த வீட்டில் யார் சொல்வதும் எடுபடுவதில்லை. முந்தாநாள் உன் போனை வைத்ததும் போய் நடந்ததைச் சொன்னேன். பாவம் அவளை ஏன் இழுக்கறே, அவ அப்படிச் செய்யற பொண்ணா என்று என்மேலேயே எரிந்து விழுந்தார். கேட்டுக்கொள், உனக்குத்தான் பரிந்து பேசுகிறார்.

கத்தி, இடுக்கி, சின்னத் தூரிகை எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுக் கட்டிவிட்டார். கூரை உச்சி மூடாமல் கிடக்கிறது. நூலகத்தாரைக் கூப்பிட்டு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லப்போகிறாராம், வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் என்று கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன். அது போனால் போகிறது. அடுப்பை அணைத்தேனா என்று போய்ப் போய்ப் பார்க்கிறார். மாத்திரை போட்டேனா என்று கேட்கிறார், போட்டீர்கள் என்றால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போவதில்லை. உன் விளையாட்டு இந்த இடத்தில் வந்து நிற்கிறது, தெரிந்துகொள்.

பக்கத்து வீட்டுத் தையற்காரரின் மருமகன் உன் ஊருக்குக் கிளம்புகிறான், கடிதத்தை அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக்கே கிடைத்துவிடும். கிடைத்த உடனே போன் செய், எனக்கு இல்லை, அவருக்கு. சுற்றி வளைக்காதே, சிரிக்காதே, நான்தான் ஒட்டினேன், பொய் சொன்னேன் என்று அந்த வார்த்தையிலேயே சொல். உன் வாயால் சொன்னால்தான் நம்புவார். வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. உன்மேல் கோபம் ஆறவில்லை, ஆனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை.

இன்று காலை அவர் என்ன கேட்டார் என்பதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, போன மாசம் பொண்ணு வந்திருந்தாளே, அது நிஜமாவே வந்தாளா, இல்லை அதுவும் நானா நினைச்சுக்கிட்டதா என்று கேட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா