நான் மூடிய வாய்க்கால்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எப்போதும் நினைப்பு. போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு அம்மா கையில் கொடுத்துவிடுகிறேன், அதற்கு மேல் எனக்குப் பேச்சு வருவதில்லை. இது கொஞ்சம் நீளமான சமாச்சாரம். நல்ல சமாச்சாரம்தான், பயப்படாதே. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை டாக்டர் முன்னால் மட்டும் கேட்டுக்கொள்கிறாள்.

நான் இப்போது கடற்கரைச் சேற்று நிலத்தில் வனத்துறை வேலைக்குப் பொக்லைன் ஓட்டுகிறேன் என்று அம்மா சொல்லியிருப்பாள். கடல் வருஷத்துக்கு வருஷம் கிட்டே வருகிறது, மழையும் பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது, அதனால் அங்கே மறுபடியும் அலையாத்திக் காட்டை வளர்க்கப் பார்க்கிறார்கள். மூன்று வருஷம் வரிசை வரிசையாகக் கன்று நட்டார்கள், யார் யாரோ வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள், ஒவ்வொரு கோடையிலும் அத்தனையும் காய்ந்து கருவாடாகிப்போனது. வேலைக்குப் பொறுப்பான மேடத்துக்கு உன்னைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். செத்த கன்றைப் பிடுங்கி வேரைத் தடவிப் பார்த்தபடி, மண்ணுல உப்பு ஏறிப்போச்சு, கடல் தண்ணி வந்து போகவே இல்லையே, எங்கே தடுக்குதுன்னு தெரியலையே என்று தனக்குத்தானே பேசிக்கொள்வார்.

எங்கே தடுக்கிறது என்று எனக்குத் தெரியும் குட்டிம்மா. தடுத்தவனே நான்தான். நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு காண்ட்ராக்டரிடம் இறால் பண்ணை வேலைக்குப் போனேன். கடலிலிருந்து அந்தச் சேற்று நிலத்துக்கு ஒரு வாய்க்கால் வரும், நம் தெரு மழைத் தண்ணீரும் அது வழியேதான் கடலுக்கு வடியும், அதைப் பதினோரு நாளில் மண் போட்டு மூடிக் கரை எடுத்துக் கொடுத்தேன். ஒருநாள் பொக்லைன் சீட்டில் உன்னை மடியில் உட்கார வைத்து ஒரு வாளி மண்ணை உன் கையாலேயே கொட்ட வைத்தேன், உனக்கு ஞாபகம் இருக்காது. நாலே வருஷத்தில் இறாலுக்கு நோய் வந்து பண்ணை போய்விட்டது, கரை மட்டும் முள் மண்டி, பிறந்ததிலிருந்தே மேடு என்பது போல நின்றுவிட்டது. நம் தெருவில் மழைத் தண்ணீர் வடியாமல் நிற்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கடைசி வீட்டுத் தையல்காரம்மாவின் மெஷின் இரண்டு தடவை முழுகியது. அவர் வாளியும் கையுமாக நிற்பதைப் பார்த்து, ஒன்றும் அறியாதவன் மாதிரி நானும் போய்த் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு வருவேன்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே மேடத்திடம் சொல்லத் தைரியம் வரவில்லை. வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று ஒரு பயம், தெருக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அதைவிடப் பெரிய பயம். நாலாவது தடவை நடுவதற்குக் கன்று வந்து இறங்கிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா என்னவென்று கேட்டாள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், அன்னிக்கு மொதலாளி சொன்னாரு மூடுனீங்க, இன்னிக்கு யாரு சொல்லி வாயை மூடிக்கிட்டு இருக்கீங்க என்று கேட்டாள். மறுநாள் காலையில் மெஷினைக் கிளப்பாமல் நேரே மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். கையில் அப்பியிருந்த சேற்றை வழித்துப் போட்டார். பிறகு, மூணு வருஷக் கன்னு போச்சேண்ணா, முன்னாடியே சொல்லக்கூடாதா என்றார். அது எனக்கு வேண்டியதுதான். அடுத்த நொடியே, சரி வாங்க, எங்கேன்னு காட்டுங்க என்று முன்னால் நடந்தார். அன்றைக்கு முழுவதும் முள்ளுக்குள் நடந்து பழைய வாய்க்கால் போன வழிக்குக் குச்சி நட்டுக் காட்டினேன். வந்த கன்றுகளை நிழலில் அடுக்கி வைத்துவிட்டார்கள்.

அனுமதி வர நாலு மாதம் ஆனது. கரையை வெட்டும் வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல் என்னிடமே கொடுத்தார் அந்தப் புண்ணியவதி. ஆறு நாள் வெட்டினேன், நீ கொட்டிய வாளி மண்ணும் அதில் எங்கேயோ போயிருக்கும். ஏழாம் நாள் கடல் ஏறும் நேரத்தில் முதலில் ஒரு கயிறு தடிமனுக்குத்தான் தண்ணீர் வந்தது. பிறகு வெடித்துக் கிடந்த சேற்றுக்குள் சளசளவென்று பரவியது. மேடம் செருப்போடு அதற்குள் இறங்கி நின்றார். நான் மெஷினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கவே இல்லை, கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து எட்டாம் மாதம் பார்த்தால், நாங்கள் நடாத இடத்திலெல்லாம் தண்ணீர் கொண்டுவந்து போட்ட அலையாத்திக் காய்கள் முளைத்து இரண்டிரண்டு இலையோடு நிற்கின்றன. போனவை எல்லாம் திரும்பிவிடாது, கடலும் நிற்காது, இதை வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார் மேடம். பார்த்துக்கொள்ளும் ஆட்களில் என்னையும் சேர்த்திருக்கிறார்.

கரை வெட்டி முடித்ததுமே தையல்காரம்மாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்ப என் மெஷினு முழுகினது உங்களாலயா என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், அம்மாவோடு மட்டும் பேச்சு. போன மாதம் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. முன்பெல்லாம் நாலு நாள் நிற்கிற தண்ணீர், மழை விட்ட அன்றே மத்தியானத்துக்குள் வாய்க்கால் வழியே வடிந்துவிட்டது, அவர் வீட்டு வாசற்படிகூட நனையவில்லை. மூன்று நாள் கழித்து அம்மாவிடம், அண்ணன் வேலைக்குப் போடுற சட்டையில ரெண்டு பட்டன் இல்ல, குடுத்தனுப்புங்க என்று சொல்லியனுப்பினார். எல்லாப் பட்டனையும் புதிதாக மாற்றித் தைத்து, இஸ்திரியும் போட்டு வந்தது. இந்த வயதில் எனக்கு இது போதும் குட்டிம்மா. உன் அம்மாவுக்கும், மேடத்துக்கும், அந்தத் தையல்காரம்மாவுக்கும் நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை.

உன்னிடமும் இத்தனை வருஷம் மறைத்துவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, மாப்பிள்ளையிடம் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் மல்லுக்கு நிற்காதே. அடுத்த லீவுக்கு வரும்போது சேற்றில் நடக்கத் தோதான செருப்பு எடுத்து வா. நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவில்,
அப்பா