சிரிக்காத வகுப்பு

ஹாமில்டன்
பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மோர்லிக்கு,

பெர்னிஸ் எழுதுகிறேன். கால்கரியில் குளிர் மைனஸ் முப்பதைத் தாண்டிவிட்டது என்று உன் அக்கா ஃப்ரீடா சொன்னாள். அவள் வீட்டுக்குள் சூட்டுக்குக் குறைவிருக்காது. ஆனால் இடது கைக்கு உறை போடாமல் வாசலுக்குப் போகாதே. அந்தக் கைக்குக் குளிர் உறைப்பதில்லை என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதல்லவா? இங்கே புதன்கிழமையிலிருந்து விடாமல் பனி. பக்கத்து வீட்டுக்காரர் நம் வாசலையும் சேர்த்து வாரிப் போட்டார். பூனை உன் நாற்காலியை முழுசாக எடுத்துக்கொண்டுவிட்டது. நான் உட்காரப் போனால் சீறுகிறது.

மூன்று வாரமாக நான் போன் செய்யும்போதெல்லாம் ஃப்ரீடாதான் எடுக்கிறாள், நீ குளித்துக்கொண்டிருக்கிறாய் என்கிறாள். அறுபத்திரண்டு வயதில் இத்தனை குளியல் யாருக்கும் தேவையில்லை. அதனால்தான் கடிதம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழிப்பதென்றாலும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஓய்வுநாளுக்கு ஏற்ற நான் மெழுகுவர்த்தி எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது ப்ளூமா வந்தாள். முப்பது வருஷமாக நம் யூத நாடக அரங்கத்தை நடத்துகிறாள், ஒரு நடிகனின் வீட்டுப் படியேறி நான் பார்த்ததில்லை. கோட்டைக்கூடக் கழற்றவில்லை. உன் வேஷத்தை இப்போது ஸ்டான் செய்கிறானாம். எப்படிச் செய்கிறான் என்று கேட்டேன். "முட்டையை உரிக்கிறான், தின்கிறான். பசியாறிட்டுப் போறான், வேறென்ன," என்றாள். வசந்த கால நாடகத்தில் பெரிய வேஷத்தை உனக்கென்று வைத்திருக்கிறாளாம். இருபதாம் தேதிக்குள் பதில் வராவிட்டால் டொரோண்டோவிலிருந்து ஆள் எடுக்க வேண்டுமாம். இதை நீ விட்டால் இனி மேடை ஏற மாட்டாய், மோர்லி. அது ப்ளூமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உனக்குத் தெரிந்துதான் நீ குளித்துக்கொண்டே இருக்கிறாய்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆட்டத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு எல்லாரையும் மூன்று பேருந்தில் அழைத்து வந்தேன். ஒன்பது வருஷமாக நான் செய்கிற வேலைதான். போன வருஷ நாடகத்தில் ஒரு விதவை அழும் காட்சியில் பிள்ளைகள் கெக்கெக்கென்று சிரித்துவிட்டார்கள். பார்க்க வந்திருந்த ஒருவர் பள்ளிக்குப் புகார் எழுதினார். யூதர்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் கூட்டிவருகிறீர்களா என்று கேட்டிருந்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் நாடகப் பயணமே கிடையாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அதனால் இந்த வருஷம் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு வகுப்பிலும் போய் நின்று, உள்ளே ஒரு சத்தம் வரக் கூடாது, யாரும் சிரிக்கக் கூடாது என்று சொன்னேன். எட்டாம் வகுப்பு டீச்சர் துஃப்ரேன் இருக்கிறாளே, யூத நாடகம் என்றாலே அழுகைதான் என்று அவளுக்கு எண்ணம். மூக்குத் துடைக்கும் காகிதம் இரண்டு பெட்டி வாங்கி வந்திருந்தாள். இது நகைச்சுவை நாடகம் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.

தான் செத்துப்போனதாகத் தப்பாகச் சேதி போய்விட்ட ஒருவன் வீட்டுக்கு வந்து, தனக்காக நடக்கும் துக்கத்தில் தானும் உட்கார்ந்து, மீனில் உப்புப் பத்தவில்லை என்று குறை சொல்கிற நாடகம். அதற்குச் சிரிக்கக் கூடாது என்று சொல்லி நூற்றெண்பது பிள்ளைகளைக் கொண்டுவந்து உன் முன்னால் உட்காரவைத்தேன்.

இதுவரை எழுதியது பாதி உண்மை. தலைமையாசிரியரின் மேல் பழியைப் போட்டு நிறுத்திவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். அது நாணயமில்லை.

பிள்ளைகளிடம் நான் சொன்னது வேறு. மேடையில் வரப்போவது என் கணவர், அவருக்கு மூளையில் ரத்தம் கட்டி ஒரு பக்கம் விழுந்து எழுந்தவர், வாய் குழறும், கால் இழுக்கும், கை சொன்னபடி கேட்காது, அவரைப் பார்த்து யாராவது சிரித்தால் நான் மன்னிக்கவே மாட்டேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள், டீச்சர் அழப் போகிறாள் என்றால் என்னதான் செய்யும்? தலையை ஆட்டின.

ஆட்டத்தின்போது உன்னை நான் பார்க்கவே இல்லை, மோர்லி. முன்வரிசையிலிருந்து பின்னால் திரும்பிப் பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தோள் குலுங்கினால் அந்தப் பக்கம் திரும்பி முறைத்தேன். துக்க வீட்டு வழக்கப்படி தின்னத் தரும் அவித்த முட்டை உன் இடது கையிலிருந்து நழுவி உருண்டதும், நீ அந்தக் கையைக் குழந்தையை அதட்டுவதுபோல அதட்டியதும் காதில் விழுந்ததோடு சரி. அதற்காக நீ இரண்டு மாதம் நம் சமையலறையில் எத்தனை முட்டை உடைத்தாய். தினமும் முட்டைதான் சாப்பிட்டோம். நீ செய்து காட்டியபோதெல்லாம் நானும் சிரித்தேன். பிறகு துணி துவைக்கிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். உன் கையை வேடிக்கையாக்க உனக்குத் தைரியம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

திரும்பும்போது பேருந்தில் மிர்யானா என்ற பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணிக்கட்டில் பல் பதிந்து சிவந்திருந்தது. யார் கடித்தது என்று கேட்டேன். "நானேதான் மிஸ். அவரு கையைத் திட்டினாரே, எனக்கு வயிறே வெடிச்சிடும்போல இருந்துச்சு. நீங்க வேற பார்த்துட்டே இருந்தீங்க. அதான் கடிச்சுக்கிட்டேன்." நான் என்ன செய்தேன் தெரியுமா? நல்ல பெண் என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அன்று காரில் நீ கேட்டது எனக்குத் தினமும் கேட்கிறது. "நூத்தியெண்பது பிள்ளைங்க, பெர்னிஸ். ஒண்ணுகூடச் சிரிக்கல. நான் எந்த இடத்துல விட்டேன்?" காலை பத்தரை மணிக்கு யார் சிரிப்பார்கள், பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டினேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரம் சனி ராத்திரி ஆட்டத்தில் பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அதைச் சொன்னால் நீ நம்பவில்லை. "இவங்க எல்லாம் ஆஸ்பத்திரிக்கு சூப் கொண்டுவந்தவங்க. எனக்காகச் சிரிக்கிறாங்க. பிள்ளைங்களுக்கு அந்தப் பொய் வராது," என்றாய். அடுத்த வாரம் கால்கரிக்கு விமானம் ஏறிவிட்டாய்.

அந்தப் பொய்யைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

நேற்று முன்தினம் வகுப்பில் இதைச் சொல்லிவிட்டேன். மிர்யானாதான், "அப்போ நாங்க சிரிக்காததாலதான் அவரு போயிட்டாரா?" என்று கேட்டாள். உங்களால் இல்லை, என்னால் என்றேன். உனக்குக் கடிதம் எழுதட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முப்பது பிள்ளைகள் முப்பது மன்னிப்புக் கேட்டு எழுதினால் நீ கால்கரியையும் தாண்டி எங்காவது போய்விடுவாய்.

ப்ளூமாவுக்கு நீ என்ன பதில் வேண்டுமானாலும் சொல். முடியாது என்றால் முடியாது என்று சொல், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் அந்தக் காலையை வைத்து முடிவெடுக்காதே. அன்று நீ எதையும் விடவில்லை. நீ நோயாளி இல்லை என்பது உனக்குத் தெரிந்திருந்தது, அந்தப் பிள்ளைகளுக்கும் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உன் மனைவிக்கு மட்டும் தெரியவில்லை.

என் மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் அதை ஃப்ரீடா வீட்டுக் குளியலறையில் வைத்துத் தீர்க்காதே. இங்கே வா. என் எதிரில் நின்று, வாய்க்கு வந்தபடி திட்டு. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. எந்த வார்த்தையில் நாக்குத் தடுக்கினாலும், இந்த ஒரு வருஷமாகச் செய்கிறேனே, அதுபோல அதை நான் முடித்துக்கொடுக்க மாட்டேன்.

அன்புடன்,
உன் பெர்னிஸ்