ஹவுளில் தெளிந்த தண்ணீர்

மே 12, 2009, செவ்வாய்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வாய் திறந்தால் மணல். வாங்க வேண்டியவை: சைக்கிளுக்குப் பின் டயர். மகளுக்குக் கணக்குக் கொப்பி.

கடலில் போய் விழும் தோணா ஓடையில் மறுபடியும் மீன் செத்து மிதந்தது. பெரியநீலாவணையிலிருந்து ஐஸ் வாங்க வரும் கந்தையா என்னைப் பார்த்துச் சிரித்தார்: "காக்கா, சூட்டுக்குச் செத்தா தோணா முழுக்கத்தானே சாகணும்? ஐஸ் பெக்டரிக் குழாய் விழுற இடத்தில மட்டும் மீனுகளுக்கு என்ன காய்ச்சலோ!"

பெக்டரி என் கூட்டாளி ஜவ்பருடையது; ஹஜ் செய்தவன், ஊருக்கு அவன் ஹாஜியார். இயந்திரச் சூட்டை வாங்கிய தண்ணீர் கூரையிலுள்ள கூலிங் டவரில் ஆறி, திரும்பச் சுற்றும். பாசி பிடிக்காமலிருக்க அதில் ஒரு மருந்து. பழைய தண்ணீர் தோணாவுக்கு. நேரே போய்க் கேட்டேன்.

"சவுக்காரம் மாதிரி ஒரு சாமான் மச்சான். ஒண்டும் செய்யாது. வேணுமெண்டா பள்ளிவாசல் ஹவுள் தண்ணிக்கே குடுக்கிறன், அதுவும் பாசி பிடிச்சித்தானே கிடக்கு. கெட்ட சாமானெண்டா அல்லாஹ்ட வீட்டுக்குக் குடுப்பனா?"

சுனாமியன்று என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பிரதான வீதிவரை ஓடியவன். இதற்கு மேல் எப்படிக் கேட்பது?

மே 14, வியாழன்

சொன்னபடி ஜவ்பர் மருந்துக் கேனோடு பள்ளிக்கு வந்தான். அஸர் தொழுகை முடிந்த நேரம். தொழுமுன் முகம் கைகால் கழுவி வுழூ எடுக்கும் ஹவுள் தொட்டியைச் சுற்றிச் சின்னக் கூட்டம்.

"நாளைக்கு ஜும்ஆவுக்குக் கண்ணாடி மாதிரி இரிக்கணும். முழுக் கேனையும் ஊத்துங்க மோதினார்."

"உள்ள மீன் இரிக்கே ஹாஜியார்?"

"அதுகளும் ஒருக்கா நல்லாக் குளிக்கட்டுமே!"

சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்த மீன்கள் தண்ணீரில் நெளியும் நுளம்புப் புழுக்களைத் தின்ன, பாங்கு சொல்லிப் பள்ளியையும் பார்த்துக்கொள்ளும் இஸ்மாலெவ்வை மோதினார் விட்டு வளர்த்தவை. வெறுங்கையால் ஊற்றினார். தெறித்தது. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். கேனில் ஒட்டியிருந்த தாள் பாதி கிழிந்திருந்தது. மருந்தின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டேன். பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவனின் பழக்கதோஷம்.

மே 15, வெள்ளி

ஜும்ஆ தொழுகை. ஹவுளின் அடியிலுள்ள கல்கூடத் தெரிகிறது. வாய் கொப்பளிக்கிறார்கள், மூக்குக்குத் தண்ணீர் செலுத்துகிறார்கள். "ஹாஜியார்ட பறக்கத்து" என்று வாழ்த்துகிறார் ஒருவர்.

மீன் ஒன்றுகூட இல்லை. விடியுமுன், சுபஹு தொழுகைக்கு முன்பே வாரியெடுத்துத் தென்னைக்கடியில் புதைத்துவிட்டாராம் மோதினார். "சொல்லிப்போடாதீங்க தம்பி. ஹாஜியார் மனம் நோகும்." உள்ளங்கை சிவந்து உரிந்திருந்தது. கேட்டால் மறைக்கிறார்.

ஜவ்பர் கடைசியாக வந்தான். ஈரக் காலில் தெருப் புழுதி. வீட்டிலேயே வுழூ எடுத்து வந்திருக்கிறான். ஹவுளின் மேற்கு மூலை எப்போதும் அவனுக்கு. இன்று அது காலி.

என் முழங்கையில் சொறிச்சல். வெயிலாக இருக்கும்.

மே 18, திங்கள்

யுத்தம் முடிந்ததாம். வானொலி விடாமல் சொல்கிறது. சந்தையடியில் பட்டாசு. கந்தையா இன்று ஐஸ் வாங்க வரவில்லை. பெரியநீலாவணைப் பக்கம் கதவுகளெல்லாம் சாத்தியபடி. மனைவி: "யுத்தம் முடிஞ்சா என்ன, நம்மட குழாயில தண்ணி வரல்லியே."

மோதினார் ஆஸ்பத்திரியில். வலக்கண் திறக்கவில்லை. இரு கையும் கொப்புளம். ஹவுளில் வுழூ எடுத்த பலருக்கும் தடிப்பு.

நெட் கபேயில் மருந்தின் பாதுகாப்பு விவரங்களைத் தேடி வாசித்தேன். தோலைச் சுடும். கண்ணுக்குக் கடும் சேதம். சிலருக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலும் வரும். மீனுக்குக் கொடிய நஞ்சு. ஓடையில் விடக்கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது. குடிக்கிற, குளிக்கிற நீருக்கு அல்ல. நீர்த்தபின் நாளடைவில் சிதையும், உண்மைதான், அதுவரை நஞ்சு. கூலிங் டவருக்கென்று அளந்து செய்தது. மருந்தில் பிழையில்லை.

கொழும்பில் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். "என்னது, மீனா? இண்டைக்கா? ஊரில கொடி பிடிக்கிற படம் ஒண்டு அனுப்புங்க." போன் வைக்கப்பட்டது.

மே 19, செவ்வாய்

ஜவ்பர் வந்தான். கையில் பேரீச்சம்பழம். மகளின் தலையைத் தடவினான்.

"நாளைக்குப் பள்ளிச் சபை கூடுதாம். மோதினார் அளவு தெரியாம ஊத்திப்போட்டாரு எண்டு சொல்லு மச்சான். நீதானே பக்கத்தில நிண்ட."

"முழுக் கேன் எண்டு நீதானே சொன்ன?"

"வயசு போன மனுசன். வேற மோதினார் எடுத்தா முடிஞ்சிது. என்ட பெக்டரிய மூடினா எத்தின வள்ளம் ஐஸ் இல்லாமக் கிடக்கும்?" பிறகு தோளைத் தொட்டுக் காட்டினான். "இதில கிடந்துதான் உன்ட புள்ள வந்த."

இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவன் அதைச் சொன்னதில்லை. அதுதான் அவனுடைய பெருமை என்றிருந்தேன்.

பழத்தை மகள் தின்றுவிட்டாள். நான் எடுக்கவில்லை. பள்ளிக்கு அந்தக் கேனைக் கொண்டுவந்தது பள்ளிக்காக அல்ல. என் வாயை அடைக்க.

மே 20, புதன்

மதியம் லுஹர் தொழுகைக்குப் பின் சபை. மோதினார் கண்ணில் கட்டோடு ஓரத்தில். "என்ட கைப் பிழைதான்" என்று அவரே தொடங்கினார். ஹாஜியாரைக் காப்பாற்றுகிறார்!

தலைவர் என்னைப் பார்த்தார். "நீங்க பக்கத்தில நிண்டீங்களாமே. ஹாஜியார் எவ்வளவு ஊத்தச் சொன்னாரு?"

"முழுக் கேன்."

ஜவ்பர் எழுந்தான். "நஞ்செண்டு எனக்கெப்பிடித் தெரியும்? நானும் இந்தப் பள்ளியில தொழுறவன்தானே?"

"ஊத்தின நாளையிலிருந்து இந்த ஹவுள்ல ஒருக்கா வுழூ எடுத்தியா மச்சான்?" என்று கேட்டேன்.

வெளியே யாரோ மிச்சப் பட்டாசைக் கொளுத்தினார்கள். அவன் உட்கார்ந்தான். பக்கத்திலிருந்தவர் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

தலைவர்: "மோதினார் கண் சுகமாகி வரட்டும். அவர்ட வேலை அவருக்கு." அடுத்த பேச்சு, ஹவுளை இறைப்பது. மோட்டார் யாரிடம், எத்தனை ஆள். தண்ணீரை எங்கே விடுவது என்று ஒருவர் கேட்டார்.

"வேற எங்க? தோணாவுக்குத்தான்."

நான் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து ஒரு குரல், தாழ்வாக:

"அங்க விடாதீங்க. மீன் சாகும்."

ஜவ்பர். தலை நிமிரவில்லை.