முட்டையை நிறுத்திய கணக்கு

மார்ச் 4

மகளோடு இன்றும் வாக்குவாதம். "அப்பா, டாக்டருக்குப் படிக்காம டாக்டர் வேலை பாக்காதீங்க" என்கிறாள். மோட்டார் வைண்டிங்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன்? அந்த வேலையைப் பார்த்துத்தானே இவளை வளர்த்தேன்.

நூலகத்துப் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. என் மனைவிக்குக் கல்லீரல் கெட்டுவிட்டதால் ரத்தத்தில் அம்மோனியா தேங்குகிறது. அது மூளைக்குள் போகிறது. அங்கே நரம்புச் செல்களுக்குத் துணையாக நட்சத்திர வடிவில் சில செல்கள். அந்த விஷத்தை அவை தங்கள் தலையில் போட்டுக்கொள்கின்றன. குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்துக் குளூட்டமினாக மாற்றுகின்றன. அது உள்ளே சேரச் சேரத் தண்ணீர் ஏறி, செல் வீங்கி, நினைவு தடுமாறுகிறது.

அம்மோனியா எதிலிருந்து வருகிறது? புரதத்திலிருந்து. வரும் வழியை அடைத்துவிட்டேன். முட்டை, பருப்பு, பால், மீன் எதுவும் கிடையாது.

மார்ச் 9

"முட்டை எங்க?"

"கிடையாது."

"அதைப் போட்ட கோழிகூட இவ்வளவு யோசிச்சிருக்காது."

கேலி பேசுகிறாள். தெளிவாகத்தான் இருக்கிறாள். என் கணக்கு சரி.

மார்ச் 17

அவள் விரலிலிருந்து மோதிரம் கழன்று விழுகிறது. நூல் சுற்றிக் கொடுத்தேன். நோய் அப்படி.

மார்ச் 21

ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவள் இன்று ஒரு ரவிக்கையின் கைத்துணியை எடுத்துக் கழுத்தில் வைத்துத் தைத்திருந்தாள். பிரிக்கப் போனால் தடுத்தாள். புத்தகத்தில் இருந்த சோதனைப்படி கையை நீட்டச் சொன்னேன். இரண்டு கையும் படபடவென்று அடித்துக்கொண்டன. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, வீட்ல பெரியவங்க இல்லையா?" என்றாள்.

தம்பியாம். நான்.

மகள் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். என்ன தப்பு செய்தேன்? எல்லாம் பார்த்துப் பார்த்துத்தானே செய்தேன் —

மார்ச் 22

டாக்டரம்மா சின்னப் பெண். "சாப்பாட்டைக் குறைச்சது யாரு?" என்றாள். மகள் என்னைப் பார்த்தாள். விளக்கினேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"நீங்க படிச்சது சரிதான் ஐயா. ஆனா பாதிதான். மூளையில அந்தச் செல் செய்ற வேலையைத் தசையும் செய்யுது. அம்மோனியாவைப் பிடிச்சு குளூட்டமினா மாத்துது. கல்லீரல் கைவிட்டா தசைதான் துணை. புரதத்தை நிறுத்தினா உடம்பு அந்தத் தசையையே கரைச்சுத் தின்னும்."

"புத்தகத்துல நிறுத்தணும்னு போட்டிருக்கே."

"எப்ப வந்த புத்தகம்?"

வருஷத்தை நான் பார்க்கவேயில்லை. அட்டை கிழிந்த புத்தகம்.

மார்ச் 25

வயிற்றைக் கழுவும் இனிப்பு மருந்தில் தெளிவு திரும்புகிறது. அம்மோனியா அந்த வழியாக வெளியேறுமாம். "சீமான் வீட்டு விருந்து மாதிரி இனிக்குது, முடிவுதான் சரியில்ல" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து நின்றேன்.

இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: மாத்திரைச் சீட்டைக் கையில் திணிக்கிறவர்களில் ஒருவராவது முன்பே உட்கார்ந்து விளக்கியிருந்தால் நான் ஏன் நூலகத்துக்குப் போகிறேன்? பாதித் தப்பு அவர்களுடையது.

மீதிப் பாதி என்னுடையது. அவளிடம் சொன்னேன். "தெரியும், சாப்பிட ஏதாவது குடுங்க" என்றாள்.

ஏப்ரல் 12

காலையில் முட்டை அவித்துக் கொடுத்தேன். படுக்கும் முன் பாலும் உண்டு. டாக்டரம்மா சொன்ன அளவுதான்.

மத்தியானம் தையல் மெஷின் முன் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் ஒரே முயற்சியில் ஏறியது. என் சட்டைக் காலரைப் பிடித்துப் பார்த்து, "கழட்டுங்க, கிழிஞ்சிருக்கு" என்றாள். வெறும் உடம்போடு பக்கத்தில் உட்கார்ந்து அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெளிச்சத்த மறைக்கிறீங்க. தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன்.