குதிரையை விட்ட ஆட்டம்

மார்ச் 3, ஞாயிறு

மகள் நளினி கைப்பேசியில் அனுப்பிய வியன்னா சதுரங்கப் போட்டி ஆட்டத்தைப் பாதிவரை ஆடிப் பார்த்தேன். நூற்றிருபது வருடப் பழசு. வெள்ளை இரண்டாம் நகர்விலேயே சிப்பாயைத் தின்னக் கொடுக்கிறான். ஐந்தாவதில் குதிரையையும் விட்டுவிட்டு, தன் ராஜாவைக் கோட்டைக்குள் வைத்துக்கொள்கிறான். வரவு செலவு எழுதிப் பார்த்தேன். செலவுப் பக்கம்தான் நிறைகிறது. பைத்தியமா அவன்?

மார்ச் 9

வீட்டுக்காரர் பலகையால் என் முகத்தில் அடித்தார். முன்பல் போயிற்று. "பொம்பளைக்கு எதுக்குடி ராஜா ராணி?" கறுப்பு ராணியை மிதித்து நொறுக்கினார்.

பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவிடம், வழுக்கி விழுந்தேன் என்றேன்.

"எத்தன தடவ லா விழுவ?"

மார்ச் 12

போலீசுக்குப் போனால் யார் நம்புவார்? பெம்பான் ஊர்க் கோயிலில் வருடா வருடம் முதல் ஆளாகத் தீ மிதிப்பவர். கோயில் தலைவர் கணேஸ்வரன் அண்ணனிடம் ஒருமுறை சொன்னேன். சிரித்தார். "வீரப்பனா? எறும்பக்கூட மிதிக்க மாட்டான்மா."

மார்ச் 17

தீமிதிக்கு அவர் கையில் காப்புக் கட்டினார்கள். அவிழ்க்கும்வரை குடி கூடாது, கை ஓங்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் அதே கையால் என் தலையைச் சுவரில் மோதினார். மஞ்சள் கயிறு கன்னத்தில் உரசியது. தாயே, பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய்?

மார்ச் 19

ஆட்டம் புரிந்துவிட்டது. தின்னத் தின்ன, கறுப்பு ராஜா தானே வெளியே வருகிறான். நடுப் பலகையில், துணையில்லாமல். அதற்குத்தான் அவ்வளவும் கொடுத்தான்.

கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? இத்தனை நாள் மூடி வைத்த மானம்தான்.

மார்ச் 22, வெள்ளி

நளினியைத் தங்கா பத்துவில் தங்கை உஷாராணி வீட்டில் விட்டேன். விரதச் சாப்பாட்டுக்குக் கணேஸ்வரன் அண்ணனையும் கோயில்காரர்கள் இருவரையும் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கூப்பிட்டிருந்தேன். அவர் குளிக்கும்போதே வந்துவிட்டார்கள். பின்கட்டில் இலை போட்டேன். பிறகு முன் அறையில் பலகையை விரித்தேன். நொறுங்கிய ராணிக்குப் பதில் ஓர் எலுமிச்சம்பழம்.

"மறுபடியுமாடி!"

முதல் அடி காதில். எப்போதும் வாயைப் பொத்திக்கொள்வேன் — இன்று கத்தினேன். விலாவில் உதைத்தார். மறுபடி. மறுபடி. சோற்றுக் கையோடு ஓடி வந்தார்கள்.

"காப்புக் கையாலயா, வீரப்பா?"

முக்காலியைத் தூக்கி அண்ணன் நெற்றியிலும் அடித்தார். பலகையெல்லாம் ரத்தம். மூன்று பேரும் சேர்ந்து அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கயிற்றை அண்ணனே அறுத்தெறிந்தார்.

மார்ச் 24, ஞாயிறு

மருத்துவமனை. விலா எலும்பு இரண்டு முறிவு. கணேஸ்வரன் அண்ணன் தலைக்கட்டோடு வந்தார். போலீசில் எல்லாம் சொல்லிவிட்டாராம். வீட்டுக்காரர் லாக்கப்பில் இருக்கிறார். "மன்னிச்சிரும்மா." என்றார் அண்ணன்.

இன்று தீமிதி. வேறு யாரோ முதலில் இறங்குவார்கள்.

நளினி கட்டிலில் பலகையை விரித்து வெள்ளையை என் பக்கம் வைத்தாள்.

"சிப்பாயக் குடுக்கிறியாம்மா?"

"இல்லடி. இனி ஒண்ணையும் குடுக்காம ஆடுவோம்."