காப்புக் கட்டிய கை

ஓகஸ்ட் 4, திங்கள்

காலையில் தூறல். உடுப்புக் காயவில்லை. வியாழன் கோட், தாலிக்கொடி கேஸ். நீலச் சேலை அயர்ன் பண்ண வேணும்.

போன ஆடியில் எங்கள் ஒழுங்கை வாசலில் ஒருவன் கொடியை அறுத்தான். மோட்டார்சைக்கிள், ஹெல்மெட், முகம் தெரியவில்லை. கழுத்துக்கு வந்த கைதான் கண்ணில் நின்றது, மணிக்கட்டில் மஞ்சள் காப்பு நூல். பிறகு பொலிஸ் அடையாள அணிவகுப்பு. வரிசையில் ஜிந்துப்பிட்டிப் பக்கத்துப் பெடியன் ஒருவனின் கையில் மட்டும் நூல். அவன் தோளைத் தொட்டேன். நிச்சயமோ என்றார்கள், ஓம் என்றேன். கொடி கிடைக்கவேயில்லை. கழுத்தில் இன்னும் மஞ்சள் கயிறுதான்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

கோயில். ஆடிவேலுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். சரியான சனம். பூக்கடைக்காரர், ஓட்டோ ஓட்டுகிறவர், பாங்க் மனேஜர், எல்லார் கையிலும் அதே நூல். இவரும் கையை நீட்டினார். கல்யாணம் கட்டின நாளிலிருந்து வருடா வருடம் கட்டுகிற மனிசன். போன வருடமும் கட்டியிருந்தார். எனக்கு ஏன் அப்போது மண்டையில் ஏறவில்லை?

அர்ச்சனைத் தட்டைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஓகஸ்ட் 6, புதன்

சமையல் காஸ் முடிந்தது. பாண், சம்பல்.

பொலிஸ் சார்ஜன்ட் போன். முகத்தையும் பார்த்ததாகச் சொன்னால் கேஸ் பலமாக இருக்குமாம். நல்ல கதை. எனக்கு நிச்சயமில்லை என்று இவரிடம் சொன்னேன்.

"அவன்தானப்பா. இப்ப ஏன் குழப்புறீர்?"

"உங்கட கையிலயும் நூல் கிடக்குது."

இவர் டீவியைப் போட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. பிணை எடுக்க ஆளில்லாமல் அந்தப் பெடியன் ஒரு வருடமாக உள்ளே. என் ஒரு ஓமுக்கு.

ஓகஸ்ட் 7, வியாழன்

வெயில். கோட்டில் ஃபான் வேலை செய்யவில்லை. மத்தியானம் தாண்டித்தான் கூப்பிட்டார்கள். நான்தான் கடைசிச் சாட்சி.

முகத்தைப் பார்த்தீர்களா என்று அவனுடைய லோயர் கேட்டார். இல்லை, நூலை வைத்துத்தான் சொன்னேன் என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்ல, சார்ஜன்ட் என்னை முறைத்தார். நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவில்லை, சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது அந்தப் பெடியனுக்கு என்று நீதவான் தீர்ப்பு. விடுதலை.

அவனில்லை என்று நான் சொல்லவில்லை. தெரியாது, அவ்வளவுதான். கோட்டுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

வெளியில் படியடியில் நின்றான். நல்லாய் மெலிந்துபோயிருந்தான். கையில் இப்போது நூல் இல்லை.

"நான் எடுக்கலம்மா" என்று கும்பிட்டபடி கிட்ட வந்தான்.

என் கை தானாகப் போய்க் கழுத்துக் கயிற்றைப் பொத்தியது. அவன் அதைப் பார்த்துவிட்டான். கும்பிட்ட கையை இறக்கிக்கொண்டு பின்னுக்குப் போனான்.